இரண்டாவதாக வந்தவருக்கு எப்போது கொடுப்பீர்கள்?

டோக்கியோ, பாஸ்டன், லண்டன், சிட்னி, பெர்லின், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஏழு நகரங்களின் மாரத்தான் பந்தய இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம் காசாளர் நாற்காலியில் கழிந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஓடக் கற்றுக்கொண்டேன். இன்றும் விடிவதற்கு முன் காவிரிக் கரையில் மூச்சிரைக்க ஓடுகிறேன். உங்கள் பந்தயம் எதிலும் ஓடியதில்லை, இனி ஓடப்போவதும் இல்லை. ஆனால் உங்கள் பந்தயங்களில் பெண்கள் ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தவறவிட்டதில்லை. சிகாகோவில் காலை ஏழரை மணிக்குப் பந்தயம் தொடங்கும்போது இங்கே மாலை ஆறு மணி. இன்று இரவுச் சாப்பாடு தாமதமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்படிக் கைதட்டிப் பார்த்த வெற்றிகளில் எத்தனை ஊக்கமருந்தால் அழிந்துபோகாமல் இன்னும் வெற்றியாக இருக்கின்றன என்று அண்மையில் ஒரு நோட்டை எடுத்துக் கணக்கு எழுதிப் பார்த்தேன். பழைய பழக்கம் விடுவதில்லை. கணக்கு இடித்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2014 ஏப்ரல் 21 அன்று நடந்த பாஸ்டன் பந்தயத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பந்தயத்தில் குண்டு வெடித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. தெருவெங்கும் கூட்டம், கண்ணீர், கொடிகள். கென்யாவின் ரீட்டா ஜெப்டூ 2 மணி 18 நிமிடம் 57 விநாடியில் முதலாவதாக வந்தார். ஒரு நிமிடம் பின்னால் எத்தியோப்பியாவின் புசுனேஷ் தேபா, 2:19:59. அந்தப் பாதையில் அதுவரை இருந்த சாதனை 2002இல் மார்கரெட் ஒகாயோ ஓடிய 2:20:43. அதாவது தேபாவும் அன்று பாதைச் சாதனையை முறியடித்திருந்தார். ஆனால் இரண்டாவதாக வருகிறவரின் சாதனையை யார் கவனிக்கிறார்கள்? தொலைக்காட்சிக் கேமரா அதற்குள் ஜெப்டூவின் பின்னால் போய்விட்டது. நானும் ஜெப்டூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கென்யாவில் ஜெப்டூவிடம் எடுத்த மாதிரியில் இபிஓ என்ற ஊக்கமருந்து இருந்தது. முடிவு வெளியே வருவதற்குள் அக்டோபரில் சிகாகோவிலும் அவர் வென்றுவிட்டார். உங்கள் பந்தயங்களை ஒன்றாகச் சேர்த்து இரு பருவங்களுக்கு நடத்தும் தொடரின் வெற்றியாளருக்கான ஐந்து லட்சம் டாலர் காசோலையை நியூயார்க்கில் அவர் கையில் கொடுக்க நீங்கள் மேடை போட்டிருந்தீர்கள். விழாவுக்கு முன்பே செய்தி வெடித்தது. விழாவை ரத்து செய்தீர்கள், காசோலை தப்பியது. அந்தப் பட்டம் பிறகு எட்னா கிப்லகாட்டுக்குப் போனது. நோட்டில் வரவு சரியாக விழுந்த ஒரே பக்கம் அதுதான், ஏனென்றால் பணம் அப்போது இன்னும் உங்கள் கையில் இருந்தது.

பாஸ்டன் பணம் கை மாறிவிட்டிருந்தது. 2016 அக்டோபரில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஜெப்டூவின் தடையை நான்கு ஆண்டுகளாக்கி, 2014 ஏப்ரல் முதலான அவருடைய முடிவுகளையும் அழித்தது. தேபா பாஸ்டன் வெற்றியாளர் ஆனார், பாதைச் சாதனையும் அவர் பெயருக்கு வந்தது. முதல் பரிசு ஒன்றரை லட்சம் டாலர், அவர் பெற்றிருந்தது எழுபத்தைந்தாயிரம். வித்தியாசம் 75,000, சாதனைக்கான ஊக்கத்தொகை 25,000, ஆக அவருக்கு வர வேண்டியது ஒரு லட்சம் டாலர். ஜெப்டூவிடமிருந்து பணத்தை மீட்க முயல்கிறோம் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். கொக்கின் தலையில் வெண்ணெயை வைத்து, அது உருகிக் கண்ணை மறைத்த பிறகு பிடிக்கலாம் என்கிற கதைதான். தீர்ப்பு வந்தும் ஏழு ஆண்டுகள் போயின. நியூயார்க்கின் பிராங்க்ஸில் வாழ்ந்த தேபாவின் உடம்பில் அந்த வேகம் அதற்குள் போய்விட்டது. 2024இல் அவருடைய கதையைச் செய்தித்தாளில் படித்த, முன்பின் அறியாத ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் தன் சொந்தப் பணத்திலிருந்து 75,000 டாலரை அனுப்பிவைத்தார்.

அந்த மனிதருக்கு என் நமஸ்காரம். ஆனால் அந்தச் செய்தியை நெஞ்சை நெகிழவைக்கும் கதையாகப் பலர் பகிர்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவர் உங்கள் கடனை அடைத்திருக்கிறார். அதில் நெகிழ என்ன இருக்கிறது? பாஸ்டன் அமைப்பு பின்னர் வெட்கப்பட்டோ மனம் மாறியோ, பிறர் ஊக்கமருந்து உண்டதால் பரிசை இழந்தவர்களுக்குத் தன் நிதியிலிருந்தே கொடுக்க முன்வந்தது. எந்தக் காரணமானாலும் பாராட்டுகிறேன். மற்ற ஆறு பேருக்கு நான் வைக்கும் கோரிக்கையின் பெரும்பகுதி, பாஸ்டன் தாமதமாகச் செய்ததை உடனே செய்யுங்கள் என்பதுதான்.

லண்டனுக்கு வருகிறேன். 2010இல் ரஷ்யாவின் லிலியா ஷொபுகோவா லண்டனில் வென்றார். இரண்டாவது இன்னொரு ரஷ்யர், இங்கா அபிடோவா. பிற்பாடு இருவருடைய உயிரியல் கடவுச்சீட்டும், அதாவது ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைச் சோதித்து வைத்த பதிவும், அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இருவர் பெயரும் நீங்க, மூன்றாவதாக வந்த எத்தியோப்பியாவின் அசெலெஃபெச் மெர்கியா வெற்றியாளர் ஆனார். இதற்கிடையே ஷொபுகோவா தன் வழக்கை மூடி மறைப்பதற்காக நான்கரை லட்சம் யூரோ கொடுத்திருந்ததும், அந்தப் பேரத்தின் வேர் உலகத் தடகளக் கூட்டமைப்பின் தலைமை வரை ஓடியதும் வெளியே வந்தன. கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் லாமின் டியாக்கை 2020இல் பாரிஸ் நீதிமன்றம் தண்டித்தது. ஊக்கமருந்தைப் பிடிக்க வேண்டியவர்களே அதற்கு விலை வைத்து விற்ற கதை அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

லண்டன் சும்மா இருக்கவில்லை. ஷொபுகோவாவுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றம் போய், 3,77,961 பவுண்டுக்கு ஆணை வாங்கியது. மீட்கப்படும் தொகை முழுவதையும் பாதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களுக்கே கொடுப்போம் என்றும் அறிவித்தது. அறிவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 'மீட்கப்படும்' என்ற ஒரு சொல்தான் என்னை உறுத்துகிறது.

எங்கள் வங்கியில் ஒரு விதி உண்டு. கள்ளக் கையெழுத்துப் போட்ட காசோலைக்கு நான் பணம் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வைத்திருப்பவர் வந்து நிற்கிறார். "அம்மா, திருடனைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அவன் கிடைத்தால் உங்கள் பணம் வரும்" என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் என் வேலை போகும். பணம் வங்கிதான் கொடுத்தது, தப்பான ஆளுக்குக் கொடுத்தது, ஆகவே நஷ்டமும் வங்கியுடையது. கணக்கில் தொகையைத் திரும்ப வைத்துவிட்டு, திருடனைத் துரத்துவது எங்கள் பாடு. உங்கள் ஏழு பேரிடமும் நான் கேட்பது இந்தச் சாதாரண கவுன்டர் விதியைத்தான். தேபா உங்களிடம் ஓடினார். ஜெப்டூவிடம் அவருக்கு எந்த வரவு செலவும் கிடையாது.

சிகாகோ இயக்குநர் இதைப் படித்தால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் என் நோட்டில் அதிக அடித்தல் திருத்தல் உங்கள் பக்கத்தில்தான். 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஷொபுகோவா, மூன்றும் அழிந்தன. 2014இல் ஜெப்டூ, அழிந்தது. 2013இலும் ஜெப்டூதான்; அது நிற்கிறது, ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று நீங்களே யூகிக்கலாம். ஆக, ஆறு ஆண்டுகளில் நெருடல் இல்லாத ஒரே பெண்கள் வெற்றி 2012இல் எத்தியோப்பியாவின் அட்செடே பைசா பெற்றது. 2010இல் ஷொபுகோவாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவரும் இதே பைசாதான். அவர் இப்போது ஏட்டில் இரண்டு முறை சிகாகோ வெற்றியாளர். நாடாவை மார்பில் ஏந்தியது ஒரு முறை.

பைசாவைவிட என்னைத் தூங்கவிடாதவர் மேரே டிபாபா. அவரும் எத்தியோப்பியர், 2015இன் உலக வெற்றியாளர். 2014 பாஸ்டனில் மூன்றாவதாக வந்தார், முன்னால் ஜெப்டூ. ஆறு விநாடி பின்னால் நான்காவதாக வந்தவர் கென்யாவின் ஜெமிமா சும்கோங். அதே ஆண்டு சிகாகோவில் டிபாபா இரண்டாவது, முன்னால் மறுபடியும் ஜெப்டூ. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டிபாபாவுக்கு வெண்கலம். தங்கம் சும்கோங்குக்கு, ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற முதல் கென்யப் பெண். வெள்ளி பஹ்ரைனின் யூனிஸ் கிர்வாவுக்கு. ஆறே மாதத்தில், 2017 பிப்ரவரியில், சும்கோங்கின் மாதிரியில் இபிஓ. ஆபத்தான கர்ப்பத்துக்காக மருத்துவமனையில் ரத்தமும் ஊசியும் ஏற்றினார்கள் என்று அவர் காகிதம் காட்டினார். மருத்துவமனை அதை மறுத்தது. பொய்க் காகிதத்துக்காக நான்கு ஆண்டுத் தடை எட்டானது. கிர்வா 2019இல் அதே இபிஓவில் மாட்டினார். ரியோவில் யார் உடம்பில் என்ன ஓடியது என்பதற்குச் சான்று இல்லை, பதக்கங்கள் அப்படியே இருக்கின்றன, அது சட்டப்படி சரி. டிபாபா தன் வெண்கலத்தை எடுத்துப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்று மட்டும் சில இரவுகளில் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சோதனை செய்யத்தானே செய்கிறோம் என்பீர்கள். ஆம், உங்கள் பணமும் அதில் போகிறது, தெரியும். ஆனால் இபிஓவின் குணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிறுநீரகம் தானே சுரக்கும் பொருள் அது; ஆய்வுக்கூடத்தில் செய்த வடிவம் சிறுநீரக நோயாளிகளுக்கு உயிர் கொடுக்கிறது. ஊசி போட்டால் சிவப்பணுக்கள் கூடும், தசைக்குப் போகும் பிராணவாயு கூடும். மருந்தின் தடயம் சில நாள்களில் மறைந்துவிடும், கூடிய சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும். அதனால்தான் பந்தய நாளில் பிடிபடுகிறவர்கள் குறைவு. உயிரியல் கடவுச்சீட்டு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்துத்தான் உண்மையைச் சொல்கிறது. ஆகவே உண்மை எப்போதும் பிந்தித்தான் வரும். அது உங்கள் குற்றமில்லை. பிந்தி வரும் என்று தெரிந்தும் அதற்கு ஒரு பைசா ஒதுக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திகைப்பதுதான் உங்கள் குற்றம்.

2024 அக்டோபர் 13. அதுவும் சிகாகோ. கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் 2:09:56. பெண்ணொருவர் 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடியது அதுவே முதல் முறை. பழைய உலக சாதனை 2:11:53. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், கை தட்டப் போனது, பாதியில் நின்றது. பல ஆண்டுகளாக இந்த நோட்டை மனத்துக்குள் எழுதிவந்ததன் கூலி அது. பந்தயத்துக்குப் பிறகு செய்தியாளர் ஒருவர் ஊக்கமருந்து பற்றி அவரிடமே கேட்டதற்கு உலகம் முழுவதும் சண்டை நடந்தது. கேட்டது நாகரிகமா என்று எனக்கு இன்றும் தீர்மானமில்லை. சுத்தமாக ஓடும் பெண்களும் இந்தச் சந்தேகத்தைச் சுமக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

2025 மார்ச் 14 அன்று அவரிடம் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதையசைட் இருந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருடைய மாத்திரை டப்பாவிலும் இருக்கும் ரத்த அழுத்த மருந்துதான், நீரைப் பிரியச் செய்யும். சிறுநீரை நீர்க்க வைத்து வேறு மருந்துகளை மறைக்கலாம் என்பதால் ஓட்டக்காரர்களுக்குத் தடை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சொல்ல வேண்டும், அவருக்கு 3,800. உடம்பு சரியில்லாதபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டதாக விளக்கம் சொன்னார். மூன்று ஆண்டுத் தடை. சிகாகோ ஓட்டம் மாதிரி எடுத்த நாளுக்கு முந்தையது, ஆகவே உலக சாதனை நிற்கிறது. அவருடைய கைப்பேசியில் கிடைத்தவற்றைத் தொடர்ந்து விசாரிப்போம் என்று தடகள நேர்மைப் பிரிவு சொல்லியிருக்கிறது.

சான்று இல்லாமல் அந்தச் சாதனையை அழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சந்தேகத்துக்குத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்த வயது எனக்கு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தூரத்தில் உட்கார்ந்து கல்லெறிகிறவள் ஆகிவிடுவேன். 2019 ஏப்ரலில், திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் தங்கம் வென்றார். மாரத்தான் இல்லைதான், ஆனால் எங்கள் மண்ணின் பெண். வறுமையிலிருந்து வந்தவர், அப்பாவை இழந்தவர். நாங்கள் அழுதோம். மைதானத்தில் மிட்டாய் கொடுத்தோம். கட்சிகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்தன. பிறகு நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு அவருடைய மாதிரிகளில் இருந்தது தெரிந்தது, நான்கு ஆண்டுத் தடை, தங்கம் போனது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். அப்போதும் அவருக்காக அழுதோம், அதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று இரண்டாவதாக வந்தவர் யார்? சீனாவின் வாங் சுன்யூ. அந்தப் பெயரை நான் தேடிக் கண்டுபிடித்தது இந்த மடலுக்காக உட்கார்ந்தபோதுதான். அவருக்குத் தங்கம் எப்படி வந்து சேர்ந்தது, யாராவது அவர் நாட்டுப் பண்ணை வாசித்தார்களா என்று இந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, நான் உட்பட.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன்?

தீர்ப்பு இறுதியான முப்பது நாள்களுக்குள், மேலே வரும் ஒவ்வொருவருக்கும் வித்தியாசத் தொகையை, பாதைச் சாதனைக்கான ஊக்கத்தொகை உட்பட, உங்கள் நிதியிலிருந்து கொடுத்துவிடுங்கள். மருந்து உண்டவரைத் துரத்துவதோ விடுவதோ உங்கள் விருப்பம். நிதி எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். சிகாகோவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஓடி முடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு டாலர் ஒதுக்கினால் இரண்டே ஆண்டில் தேபாவுக்குப் பத்து ஆண்டுகள் நிலுவையில் இருந்த தொகை சேர்ந்துவிடும். உங்கள் நுழைவுக் கட்டணத்தில் அந்த ஒரு டாலரை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கவனித்தால் பெருமையாகக் கொடுப்பார்கள்.

முகவர்களையும் பயிற்சியாளர்களையும் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பெண் மாட்டினால் பட்டியலில் ஏறுவது அவள் பெயர் ஒன்றுதான். அவளுடைய பரிசிலும், பந்தயத்துக்கு வர நீங்கள் அவளுக்குக் கொடுக்கும் வருகைக் கட்டணத்திலும் சதவீதம் வாங்கிய முகவர் அடுத்த வாரமே அடுத்த பெண்ணுக்காக உங்களுடன் மின்னஞ்சலில் பேரம் பேசிக்கொண்டிருப்பார். ஓட்டக்காரியின் முடிவு அழிந்தால் முகவரின் தரகும் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். வராதவரை அவருடைய வேறு எந்த ஓட்டக்காரருக்கும் வருகைக் கட்டணம் கிடையாது என்று இன்னொரு வரி. கட்டாந்தரையில் தினம் முப்பது கிலோமீட்டர் ஓடும் பெண்ணுக்கு எந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் சுற்றியிருப்பவர்கள்தான். அவர்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.

அப்புறம் அந்த நாடா. 2021 பாஸ்டனில் டயானா கிப்யொகெய் வென்றார், 24 விநாடி பின்னால் நாற்பதைக் கடந்த எட்னா கிப்லகாட். பதினான்கு மாதம் கழித்துப் பட்டம் எட்னாவுக்குத் திரும்பியது. ஆம், 2014இன் தொடர் பட்டமும் இப்படியே வந்து சேர்ந்த அதே எட்னா. அப்படி உயர்த்தப்படுகிறவரை அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு விமான டிக்கெட் கொடுத்து அழையுங்கள். கூட்டம் குறையாத நேரத்தில், முதல் பெண் வருவதற்குச் சற்று முன், இறுதிக் கோட்டில் அவருக்கு நாடா பிடியுங்கள். கடைசி நூறு மீட்டர் அவர் நடந்தாலும் சரி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி. தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு நிமிட விளம்பரத்தை விட்டுக்கொடுக்கட்டும்.

2016இல் அட்செடே பைசா பாஸ்டனில் வென்றார். அன்று முறையாக, நாடாவோடு. கையில் வாங்கிய கோப்பையை அவர் பாபி கிப் என்ற முதிய பெண்மணியிடம் கொடுத்துவிட்டார். 1966இல், பெண்களுக்கு அனுமதி இல்லாதபோது, புதருக்குள் ஒளிந்திருந்து பாஸ்டன் பந்தயத்தில் கலந்து ஓடி முடித்தவர் கிப். அந்த ஓட்டத்தைப் பாஸ்டன் அமைப்பு ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று பைசாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியாக, சிகாகோ இயக்குநருக்கு மட்டும். செப்ங்கெடிச் 2:09:56இல் முடித்து ஏழரை நிமிடம் கழித்து, 2:17:32இல், எத்தியோப்பியாவின் சுட்டுமே அசெஃபா கெபெடே இரண்டாவதாக வந்தார். நேர்மைப் பிரிவின் விசாரணை அந்த அக்டோபர் வரை பின்னோக்கிப் போகாமலே முடியலாம். போனால், கெபெடேவின் காசோலையை எழுத எத்தனை நாள் எடுத்துக்கொள்வீர்கள்? பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். இன்றே அவருக்கு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு காசாளர்,
திருச்சிராப்பள்ளி